சகோதரியரும் கொண்டை ஊசி வளைவும்: ஒரு கள ஆய்வு

கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். மலையும் மலை சார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்கு அதையே பெரும்பொழுதாகவும், யாமத்தைச் சிறுபொழுதாகவும் வகுத்தார் தொல்காப்பியர். ஆகவே 2024இல், தீபாவளி கழிந்த இரண்டாம் வாரம், மூன்று சகோதரிகள் மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கு வாடகைக் காரில் புறப்பட்டது இலக்கண வழுவன்று. யாமத்தில் புறப்படவில்லையே எனின், விடிகாலை நாலரைக்கு என்றுதான் பேச்சு. வண்டி நகர்ந்தது ஏழேகாலுக்கு. இடைப்பட்ட இரண்டே முக்கால் மணி நேரமும் ‘கிளம்பியாச்சு’ என்ற சொல்லின் பொருளெல்லைக்குள் அடங்கும் என்க. தலையில் ஈரத்துண்டு கட்டியிருப்பவரும் அச்சொல்லைச் சொல்லலாம், சொன்னார்கள்.

குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல் என்பர். அது தலைவனுக்கும் தலைவிக்கும். அக்கா தங்கைகள் மலையேறும்போது உரிப்பொருள் ஊடலே. வயற்காட்டு மருதத்துக்கு உரிய ஊடல் மலைக்கு எப்படி வந்தது எனின், வைகைக் கரையிலிருந்து டிக்கியில் ஏற்றிக்கொண்டு வந்தோம்; இது திணைமயக்கம். வீட்டில் விட்டுவந்த தலைவர் மூவரும் முல்லைக்கு உரிய இருத்தலில் இருந்தனர். வாடிப்பட்டி தாண்டுவதற்குள் அவர்களில் ஒருவர் போன் செய்து ரசப்பொடி எந்த டப்பாவில் என்று கேட்டது இருத்தல் நிமித்தம்.

ஆய்வுக்கு உட்பட்டோர்: பெரியக்கா, வயது 58. சின்னக்கா, 54. நான், 49. ஆய்வாளரே ஆய்வுப் பொருளாகலாமா என்று கேட்பாருண்டு. நடுசீட்டுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. முன்சீட் காலியாகத்தானே இருந்திருக்கும் எனின், இல்லை. அதில் புளியோதரைத் தூக்குவாளி பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. பின்னால் மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்தால்தான் பேச முடியும் என்பது பெரியக்கா விதி. பெரியக்கா விதிகளுக்கு உரை உண்டு, மறுப்பு கிடையாது. இ-பாஸ் கட்டாயம் என்று அவ்வாண்டு மே மாதம் அறிவிப்பு வந்ததால், பதினோரு நாளுக்கு முன்பே எடுத்து, மூன்று பிரதி அச்சிட்டு, ஒன்றைத் தூக்குவாளிக்கு அடியிலும் வைத்திருந்தாள்.

கொடைக்கானல் வானாய்வகத்தில் 1909ஆம் ஆண்டு ஜான் எவர்ஷெட், சூரியக் கரும்புள்ளியில் வாயு உள்ளிருந்து வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டறிந்தார். காரின் பின்சீட்டில் இதற்கு நேர்மாறு. பாய்ச்சல் இரு ஓரங்களிலிருந்து நடுவை நோக்கியே நிகழ்கிறது, முழங்கை வழியாக. ஜன்னல் யாருக்கு என்ற வழக்கை மலையே தீர்த்துவைத்தது என்று சொல்லவேண்டும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பள்ளத்தாக்கு பக்கம் மாறிவிடும். பெரியக்காவுக்குக் கொஞ்ச நேரம், சின்னக்காவுக்குக் கொஞ்ச நேரம். நடுவில் இருப்பவளுக்கு எப்போதும் தூக்குவாளியின் முதுகு.

இனி ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறையும்; பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதே ஆயிரம் மீட்டருக்குச் சகோதரியர் வயது இருபது குறைகிறது. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். கணக்குப் போட்டால் குறையும் வயது 42. அதாவது மேலே போய்ச் சேரும்போது பெரியக்காவுக்குப் பதினாறு, சின்னக்காவுக்குப் பன்னிரண்டு, எனக்கு ஏழு, ஆண்டு 1982.

சான்று வருமாறு. வத்தலக்குண்டில் காபி குடிக்கும்போது பேச்சு முழங்கால் வலி, மூன்று மாதச் சர்க்கரை அளவு, சின்னக்கா மகனுக்கு வரன். மலைச்சாலையில் ஏறிய கொஞ்ச நேரத்தில் கல்லூரி ஹாஸ்டல் வந்தது. டம் டம் பாறையில் தலையாறு அருவி 297 மீட்டர் உயரத்திலிருந்து எலி வாலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. “அக்கா, அங்க பாருங்க” என்றார் டிரைவர் தம்பி. யாரும் பார்க்கவில்லை. 1982 தீபாவளிக்கு அப்பா எடுத்துவந்த மூன்று பாவாடைத் துணிகளில் அரக்கு யாருக்கு என்ற விசாரணை தொடங்கியிருந்தது.

“அரக்கு எனக்குன்னுதான் அப்பா சொன்னாரு.”

“நீ பச்சைதான் வேணும்னு தரையில உருண்டு அழுதே.”

“அழுதது நானில்ல, இவ.”

இவள் என்பது நான். எனக்கு நினைவில்லை; ஆனாலும் மறுத்துவைத்தேன்.

இந்த இடத்தில் காது அடைத்துக்கொண்டது. வெளிக்காற்றின் அழுத்தம் குறைய, செவிப்பறைக்கு உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியின்றித் தள்ளும். எச்சில் விழுங்கினால் திறக்கும். சண்டை போடுகிறவர்கள் எச்சில் விழுங்குவதில்லை. குரலைத்தான் உயர்த்துவார்கள்.

“என்னது?”

“அரக்கு!”

“என்னன்னு சொல்லித் தொலை!”

“அரக்குடி, அரக்கு!”

டிரைவர் தம்பி வண்டியை ஓரங்கட்டினார். இறக்கு என்று காதில் விழுந்ததாம். நாலு பக்கமும் பனிமூட்டம். “இங்கயாக்கா எறங்கணும்?” என்று பயந்து கேட்டார். இறங்கினோம். நின்றுகொண்டே புளியோதரை சாப்பிட்டோம். அரக்கு விசாரணை ஒத்திவைக்கப்பட்டது.

ஊரைப் பற்றி எழுத அதிகமில்லை. மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863இல் உண்டாக்கிய ஏரியை, ஐப்பசி மழையில், கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளிருந்து பார்த்தோம். அறையில் ஒரே கம்பளியை மூன்று பேர் இழுத்தோம். தனித்தனியாக மூன்று கம்பளி கொடுத்திருந்தார்கள் என்பதையும் பதிவுசெய்ய வேண்டும்.

அற்றேல் கீழிறங்கினால் வயது திரும்ப ஏறுமோ எனின், ஏறும். இதற்கு ஒரு கருவியும் கையில் இருந்தது: போகும்போது வத்தலக்குண்டில் வாங்கிய நேந்திரங்காய் சிப்ஸ். கொடைக்கானலில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கு சொச்சம்தான். அதனால் பாக்கெட் தலையணைபோல உப்பிவிட்டது. வெடிக்கும் என்று பெரியக்கா அதைத் திறக்கவே விடாமல், மடியில் பச்சைப் பிள்ளைபோல வைத்திருந்தாள். இறங்க இறங்க அது வற்றியது. வெள்ளி அருவி தாண்டியதும் சின்னக்கா பேச்சில் வரன் வந்தார். பாக்கெட்டில் சுருக்கம் விழுந்தபோது, “அந்த அரக்கு ரெண்டாந் தண்ணியிலயே சாயம் போயிருச்சுடி” என்றாள் பெரியக்கா, வெளியே பார்த்தபடி. வத்தலக்குண்டில் இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

அங்கே டீக்கடை பெஞ்சில் பாக்கெட்டைப் பிரித்து மூன்று காகிதத்தில் பங்கு வைத்தாள். டிரைவர் தம்பிக்குத் தனியாக. சின்னக்கா என் காகிதத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணத் தொடங்கினாள். ஆய்வின் முடிவுக்கு இது ஒத்துவரவில்லை. அதனால் நானும் என் பங்குக்கு எண்ணினேன். ஒன்று குறைந்தது.