வெள்ளையாக நின்ற கட்டங்கள்

அப்போது, தஞ்சாவூர் வீட்டில், வம்சாவளி என்றால் தாத்தா மைப்பேனாவால் எழுதிய ஒரு நீளத் தாள். உச்சியில் மூலபுருஷர், கீழே அவர் மகன், அந்த மகனின் மகன் என்று ஒரே கோடாக இறங்கும். வெங்கோஜி தஞ்சையைப் பிடித்த 1670களில் மராட்டியப் படையோடு தெற்கே வந்த குடும்பம் நாங்கள் என்பது வீட்டில் வழிவழியாகச் சொல்வது. இப்படி எழுதிவைக்க ஊரிலேயே ஒரு முன்மாதிரியும் இருந்தது. இரண்டாம் சரபோஜி 1803இல் போன்ஸ்லே குல வரலாற்றைப் பெரிய கோயில் சுவரில் மராத்தியில் வெட்டிவைத்தார். அரசருக்குக் கல், எங்களுக்குக் காகிதம்.

இப்போது, புனேயில், அதே வம்சம் என் அறைச் சுவரில் கட்டம் கட்டமாக நிற்கிறது. எண்ணிடும் முறை 1590இல் மிகேல் ஐட்சிங்கர் அச்சிட்டது. நான் 1, அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணை இரட்டித்தாலும் அவருடைய அப்பா. அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. அப்பாவின் அப்பா வழிக்கு நீலம், அப்பாவின் அம்மா வழிக்குப் பச்சை, அம்மாவின் அப்பா வழிக்குச் சிவப்பு, அம்மாவின் அம்மா வழிக்கு மஞ்சள். பத்திரமோ பதிவோ கையில் இருந்தால் கட்டம் முழுக்க வண்ணம். வாய்ச்சொல் மட்டும் என்றால் சாய்கோடு. ஒன்றும் தெரியாவிட்டால் வெள்ளை.

முதலில் நிரப்பியது அமாவாசைத் தர்ப்பணத்தில் சொல்லும் பெயர்களை. அப்பா வழியில் மூன்று தலைமுறை, அம்மாவின் அப்பா வழியில் மூன்று தலைமுறை, ஒவ்வொருவரோடும் அவர் மனைவி: மொத்தம் பன்னிரண்டு பேர், அதில் ஆறு பெண்கள். தாத்தாவின் தாள் கைவிட்ட பெண்களை மந்திரம் காப்பாற்றி வைத்திருந்தது. ஆனால் வண்ணம் தீட்டியதும் வேறொன்று கண்ணில் பட்டது. நீலமும் சிவப்பும் ஏறிக்கொண்டே போயின. பச்சை 5இலேயே நின்றது, மஞ்சள் 7இலேயே நின்றது. 10, 11, 14, 15 நான்கும் வெள்ளை. இரண்டு பாட்டிகளுக்கும் பெற்றோர் இருந்ததற்கே எங்களிடம் அடையாளம் இல்லை. மனப்பாடமாகச் சொன்ன வருஷங்களில் காதுக்கு எட்டாத இந்தக் குறையைச் சுவர் ஒரே பார்வையில் காட்டிவிட்டது.

புனே இதற்கு ஒரு வழியும் வைத்திருந்தது. இங்கே சித்பாவன் பிராமணக் குடும்பங்கள் பல தங்கள் குலவ்ருத்தாந்தத்தை, அதாவது குல வரலாற்றை, புத்தகமாகவே அச்சிட்டிருக்கின்றன. வரலாற்று ஆவணங்களைத் தேடிச் சேர்க்க வரலாற்றாய்வாளர் ராஜ்வாடே முன்னின்று 1910இல் பாரத் இதிகாஸ் சம்சோதக் மண்டலைத் தொடங்கிய ஊர் அல்லவா! மகாராஷ்டிரத்தில் கல்யாணத்தன்று பெண்ணின் பெயரையே மாற்றும் வழக்கம் உண்டு. அதனால் அந்தப் புத்தகங்கள் பலவற்றில் மருமகளின் பிறந்த வீட்டுப் பெயரும் அவள் அப்பா பெயரும் சேர்ந்தே இருக்கும். ஒரு குடும்பத்தின் புத்தகத்தில் நின்றுபோன பெண்ணை அவள் பிறந்த குடும்பத்தின் புத்தகத்தில் தொடரலாம்.

எங்களுக்கு அப்படிப் புத்தகம் இல்லை, அத்தை இருந்தார். கும்பகோணத்துக்குப் போன் போட்டேன். “அத்தை, பாட்டியோட அப்பா பேர் என்ன?”

“இத்தனை வருஷமா இத யாருடா கேட்டா?” என்றார். பிறகு பெயரைச் சொன்னார். அந்தப் பாட்டியின் அம்மா பெயரையும் சொன்னார். “திருவையாத்துல, புஷ்ய மண்டபத்துக்குக் கிட்ட வீடு. பிரசவத்துக்கு அங்கதான் போவா.”

10இலும் 11இலும் பச்சைச் சாய்கோடு போட்டேன். 14, 15க்குச் சொல்ல அம்மா பக்கத்தில் ஆள் இல்லை. அவை வெள்ளையாகவே இருக்கின்றன.

குடும்ப வரலாறு தேடுகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. நிரம்பிய கட்டங்கள் தானாகவே பெருமையைக் கொடுத்துவிடும். வெள்ளைக் கட்டங்களை எண்ணுங்கள். பாட்டி பிறந்த வீட்டை அறிந்த பெரியவர் ஒருவராவது இருந்தால், மூலபுருஷரைத் தேடி ஆவணக் காப்பகம் போவதற்கு முன் அவரிடம் போங்கள். காப்பகம் அடுத்த வருஷமும் திறந்திருக்கும்.