சங்ககிரி ஏறலாம் வாங்க!

கேள்வி: ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் தறிக்கு லீவுங்க. காலைல கெளம்பிப் பொழுதோட வீடு சேர்ற மாதிரி ஒரு மலைக்கோட்டை சொல்லுங்க. (விசைத்தறிக்காரர், பல்லடம்)

பதில்: சங்ககிரி. திருப்பூர், பெருந்துறை, பவானி வழியாக இரண்டு மணி நேரத்துப் பயணம். விடியுமுன் கிளம்புங்கள். பல்லடத்தில் லட்சக்கணக்கில் கோழி வளர்ந்தாலும் பிராய்லர் நம்மை எழுப்பிவிடாது, அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். பாறை சுடத் தொடங்குமுன் பாதி மலை ஏறியிருக்க வேண்டும். மேலே கடையை நம்ப வேண்டாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தூக்குப்போசி நிறைய அரிசிம்பருப்புச் சாதம் போதும்.

கேள்வி: அந்தக் கோட்டையில எந்த ராஜா இருந்தாரு? (ஆறாம் வகுப்பு மாணவி, பொங்கலூர்)

பதில்: ராஜா குடியிருந்த அரண்மனையைத் தேடாதே கண்ணு. அங்கே இருந்தவர்கள் சிப்பாய்களும் கணக்குப்பிள்ளைகளும்! 15-ஆம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சியில் எழுந்த கோட்டை அது. பிறகு மைசூர் வசம் போனது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கொங்கு நாட்டு வரிப்பணத்தை அங்கே வைத்துக் காத்தார்கள். பணத்தை ஏன் மலைமேல் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று கேட்பாய். ஒன்றன் பின் ஒன்றாக வாசல்களைத் தாண்டி ஏறிப் பார், உனக்கே புரியும். மூச்சு வாங்கி நிற்பாயே, எதிரியும் அப்படித்தான் நின்றிருப்பான். சுவருக்கு மேலே நிழலில் நின்ற காவலாளிக்கு மூச்சு வாங்கவில்லை. பாதி யுத்தம் அங்கேயே முடிந்தது.

மீதிப் பாதி தண்ணீர். சுனை வற்றினால் எவ்வளவு உயரமான கோட்டையும் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். அதனால் மேலே போனதும் சுவரைப் பார்க்குமுன் மழைநீர் தேங்கும் இடங்களைப் பார்.

கேள்வி: தீரன் சின்னமலைய ஏனுங்க அத்தனை உசரத்துக்குக் கொண்டுபோய்த் தூக்கில போட்டாங்க? (காங்கேயம் வாசகர்)

பதில்: உங்கள் ஊர்ப் பக்கத்து மேலப்பாளையத்தில் 1756-இல் பிறந்தவர். காவிரிக்கரை, ஓடாநிலை, அறச்சலூர் என்று 1801 முதல் 1804 வரை கம்பெனிப் படையை எதிர்த்து நின்றவர். மைசூருக்குப் போன வரிப்பணத்தை மறித்து, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பறித்துக்கொண்டதாகச் சொல்லச் சொன்னார் என்பது நம் ஊர்ப்பெரியவர்கள் சொல்லும் கதை. வரியை மறித்தவர் என்று ஊர் கொண்டாடும் அவரை, வரிப்பணம் காத்த கோட்டையிலேயே 1805 ஜூலை 31 அன்று தூக்கிலிட்டார்கள். சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் தெரியும் மலை அது. மக்கள் பார்த்து அஞ்சட்டும் என்று நினைத்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அஞ்சவில்லை. ஆடி 18 வந்தால் இன்றும் மாலையோடு போகிறார்கள்.

கேள்வி: இடிஞ்ச சுவர்ல எம்பேரையும் எழுதிட்டு வரலாமுங்களா? (கல்லூரி மாணவர், சூலூர்)

பதில்: அந்தச் சுவரை அடுக்கிய கல்தச்சர் ஒருவர்கூட தன் பேரை நமக்குச் சொல்லிவிட்டுப் போகவில்லை. அவர்களுக்கு இல்லாத உரிமை உங்களுக்கும் எனக்கும் ஏது தம்பி? தவிர, மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். கிறுக்கினால் சட்டப்படி குற்றம்.

கேள்வி: எங்க அத்தைக்கு 70 வயசு. நானும் வர்றேன்னு அடம் பிடிக்கறாங்க. (வாசகி, அவிநாசி)

பதில்: கட்டாயம் கூட்டிப் போங்கள். முடிந்த மட்டும் ஏறட்டும். களைத்த இடத்தில் நல்ல நிழலாகப் பார்த்து உட்காரட்டும். தூக்குப்போசியை மட்டும் அவர்களிடம் விட்டுவிட்டு ஏறாதீர்கள், மேலே போனதும் உங்களுக்குப் பசிக்கும்.