இந்த வாஷர் இன்னார் உபயம்

ஆப்பிரிக்கக் கிராமங்களில் தண்ணீர் இல்லை என்று யார் சொன்னது? தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கையைப் புரட்டிப் பாருங்கள், பக்கத்துக்குப் பக்கம் பீறிடுகிறது. பம்படியில் குழந்தை சிரிக்கிறது. பக்கத்தில் டி-ஷர்ட் போட்ட தன்னார்வலர் அதைவிட அதிகமாகச் சிரிக்கிறார். மறு வருஷம் அந்த பம்ப் என்ன கதியானது என்று மட்டும் எந்தப் பக்கத்திலும் இருக்காது.

இந்தச் சிரிப்புக்கென்றே ஒரு இயந்திரம் வந்தது. தென்னாப்பிரிக்காவில் பிறந்த அதற்கு ‘பிளேபம்ப்’ என்று பெயர். பிள்ளைகள் ராட்டினம் சுற்றுவார்கள். சுற்றச் சுற்ற ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் மேலேறித் தொட்டி நிறையும். தொட்டியைச் சுற்றி விளம்பரப் பலகை. அந்த வருமானத்தில் பராமரிப்பு. விளையாட்டும் ஆச்சு, தண்ணீரும் ஆச்சு, வியாபாரமும் ஆச்சு. 2000இல் உலக வங்கி பரிசு கொடுத்தது. 2006இல் நியூயார்க்கில் அமெரிக்க முன்னாள் அதிபர் கிளிண்டன் கூட்டிய மாநாட்டில், அன்றைய அதிபர் புஷ்ஷின் மனைவி லாரா புஷ் மேடையேறி இதற்கு 1 கோடியே 64 லட்சம் டாலர் என்று அறிவித்தார். எதிரெதிர்க் கட்சிகள் ஒரே ராட்டினத்தில் ஏறிய பொன்னாள் அது.

2010க்குள் 4,000 ராட்டினம், 1 கோடிப் பேருக்குத் தண்ணீர் என்பது திட்டம். 2009இல் ‘கார்டியன்’ பத்திரிகையில் ஒரு கணக்கு வந்தது: இந்த இலக்கை எட்டப் பிள்ளைகள் தினமும் 27 மணி நேரம் விளையாட வேண்டும். ஒரு நாளுக்கு 24 மணி நேரம்தான் என்பது ஆப்பிரிக்காவின் பின்தங்கிய நிலை அல்லாமல் வேறென்ன? மிச்சம் 3 மணி நேரத்துக்கும் ஒரு நன்கொடை இயக்கம் தொடங்கியிருக்கலாம்.

பிள்ளைகள் என்ன செய்தார்கள்? பிள்ளைகள் செய்வதைத்தான் செய்தார்கள். கொஞ்ச நேரம் சுற்றினார்கள், சலித்தது, ஓடிவிட்டார்கள். வாளியோடு வந்த அம்மா மாட்டிக்கொண்டாள். முதுகில் துணியால் கட்டிய கைக்குழந்தையோடு, இடுப்பை வளைத்துக் கம்பியைத் தள்ளிக்கொண்டு வட்டம் வட்டமாக நடக்கிறாள். வளர்ந்த பொம்பளை ஊர் பார்க்க ராட்டினம் சுற்றுவது வெட்கமாக இருக்கிறது என்று பெண்கள் சொன்னதை ஆய்வாளர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள். மலாவியில் வேலை பார்த்த கனடாப் பொறியாளர் ஒருவர் இன்னொன்றையும் கவனித்தார்: வெளிநாட்டுக்காரர் கேமராவோடு வந்தால் பிள்ளைகள் உற்சாகமாக ஓடிவந்து சுற்றுகிறார்கள். அதாவது இயந்திரம் பழுதில்லை. எந்த வேலைக்காகச் செய்தார்களோ அந்த வேலையை ஒழுங்காகத்தான் செய்தது.

வயிறு எரிவது இதற்கல்ல. நன்றாக ஓடிக்கொண்டிருந்த அடிபம்பைப் பிடுங்கிவிட்டு, அதே கிணற்றின் மேல் ராட்டினத்தை நட்டார்களே, அதற்கு. ராட்டினம் ஒன்றின் விலை 14,000 டாலர். அந்தக் காசுக்கு நாலு அடிபம்பு போடலாம். ‘இது வேண்டுமா?’ என்று அந்த அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. நியூயார்க்கில் கைதட்டியவர்களிடம் கேட்டாயிற்றே, போதாதா? 2010இல் பெரிய நன்கொடையாளர் ஒருவர் ‘எதிர்பார்த்தபடி நடக்கவில்லை’ என்று எழுதினார். என்ன பெருந்தன்மை, என்ன நேர்மை என்று அதற்கும் கைதட்டு. பிடுங்கிய அடிபம்பு மட்டும் கைதட்டுக்குத் திரும்பி வரவில்லை.

ராட்டின மோகம் ஓய்ந்தது, சேவை யாத்திரை ஓயவில்லை. இரண்டு வார விடுமுறையில் கடல் தாண்டி வந்து, கொத்துக்கரண்டி பிடித்தறியாத கையால் கழிப்பறைக்குச் செங்கல் அடுக்கிவிட்டுப் போகும் இளைஞர் கூட்டம் இன்னும் வருகிறது. அந்த ஊரிலேயே கொத்தனார் இருக்கிறார். வேலையில்லாமல் மரத்தடியில் உட்கார்ந்து, தன் வேலையை இன்னொருவர் காசு கொடுத்துக் கற்றுக்கொள்வதை வேடிக்கை பார்க்கிறார்.

ராட்டினத்துக்குப் பதில் அடிபம்பே போதும் என்றால், அதுவும் ஒன்றும் மாய மந்திரமல்ல. ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் நிற்கும் ‘இந்தியா மார்க் 2’, 1970களில் கோயம்புத்தூர்ப் பக்கம் சோதித்துப் பார்த்துத் தேறிய பம்புதான். எத்தனை கெட்டியான பம்பானாலும் வாஷர் தேயும். தேய்ந்தால் மாற்ற ஓர் ஆள், ஒரு ஸ்பேனர், சில டாலர் பெறுமான உதிரி பாகம் வேண்டும். இவை கிடைக்காமல்தான் சகாராவுக்குத் தெற்கே நாலில் ஒன்று, மூன்றில் ஒன்று என்று அடிபம்புகள் செத்து நிற்கின்றன. நம்மூர்க் கோயில் டியூப் லைட்டில் வெளிச்சத்தை மறைத்து ‘உபயம்’ எழுதுகிறவருக்குக்கூட எழுத ஓர் இடம் வேண்டும். வாஷரில் எங்கே எழுதுவது? எழுத இடமில்லாத சாமானுக்கு எந்த வள்ளலும் காசு தரமாட்டான். அதனால் செத்த பம்புக்குப் பத்தடி தள்ளிப் புது பம்ப், புதுக் கல்வெட்டு, புது ரிப்பன். பழைய பம்பின் கல்வெட்டு மட்டும் இன்னும் பளபளக்கிறது. அதற்கு வாஷர் இல்லை பாருங்கள், தேய்வதற்கு.

சேவை செய்ய அவ்வளவு துடிப்பா? திறப்பு விழாவுக்கு வராதீர்கள். மூன்றாம் வருஷம், வாஷர் போன வாரத்தில், கேமராவை வீட்டில் வைத்துவிட்டு ஸ்பேனரோடு வாருங்கள். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதா? பிடிக்கத் தெரிந்தவர் அடுத்த ஊரில் சைக்கிளோடு காத்திருக்கிறார். விமான டிக்கெட் காசில் அவருக்கு மாதக்கணக்கில் கூலி கொடுக்கலாம். கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருங்கள். அங்கே தண்ணீர் வரும். உங்கள் படம்தான் வராது. இரண்டில் எது வேண்டும் என்று இப்போதாவது உண்மையைச் சொல்லுங்கள்.