மீதி 1,400 கிலோ

நவி மும்பை நெருளில் ஒரு தமிழ்க் குடும்பம் டீசல் பிக்கப் வாங்கலாமா என்று யோசித்தால் போதும்; செய்தி ஹார்பர் லைனைப் பிடித்து, செம்பூரில் இறங்கி விவரம் சொல்லி, மாட்டுங்காவில் காபி குடித்துவிட்டு, இருட்டுவதற்குள் தாராவி போய்ச் சேர்ந்துவிடும். நாங்கள் வங்கியில் கடன் படிவம்கூட வாங்கவில்லை. அதற்குள் தாராவியிலிருந்து மச்சான் போன் செய்துவிட்டான். "அத்தான், வண்டி என்னைக்கு வருது? ஞாயித்துக்கெழம அந்தத் தேக்குக் கட்டில ஏத்திறலாம்லா?"

வண்டி வேண்டும் என்று முதலில் கேட்டது நானல்ல, மாவு. என் மனைவி இட்லி மாவு அரைத்து விற்கிறாள். எதிர் வீட்டு மராட்டி அம்மாவுக்கு ஒரு டப்பா கொடுத்ததில் ஆரம்பித்தது. இப்போது நெருள், சீவுட்ஸ், ஜூயிநகர், சான்பாடா என்று கடை கடையாகப் போகிறது. அரிசியும் உளுந்தும் வாஷி தானா மார்க்கெட்டிலிருந்து வருகின்றன. மஸ்ஜித் பந்தர் சந்துகளில் மூச்சுமுட்டிக் கிடந்த மொத்த வியாபாரத்தை சர்க்கார் கழிமுகத்துக்கு இந்தப் பக்கம் நகர்த்தியதில் நாட்டுக்கு என்ன நன்மையோ, எங்களுக்கு உளுந்து பக்கத்தில் வந்தது.

போக வர வாடகை டெம்போதான். டெம்போக்காரர் ஜோன்பூர் ஆள், தங்கமான மனிதர், நேரம் சொல்லும்போது தவிர மற்றபடி பொய்யே சொல்ல மாட்டார். "பஸ் பாஞ்ச் மினிட், பாபி" என்பார் போனில். பின்னாலேயே மான்குர்து சிக்னலின் ஹார்ன் சத்தம் அவரை மறுத்துப் பேசும். மே மாதப் புழுக்கத்தில் மாவு அந்த ஐந்து நிமிடத்துக்குக் கட்டுப்படாது. முதலில் வாளி மூடி ஒரு ஓரத்தில் லேசாக எழும்பும். கையால் அழுத்தினால் மறு ஓரத்தில் எழும்பும். பிறகு 'டப்'பென்று விட்டுக்கொடுத்து, வெள்ளையாக ஒரு நாக்கு வெளியே வந்து வாளியின் பக்கவாட்டில் இறங்கத் தொடங்கும். ஒரு தடவை மனைவி மூடிமேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். மாவு குழவியையும் சேர்த்துத் தூக்கியது. குழவி உருண்டு லிஃப்ட் வாசல் வரை போய் நின்ற அன்றைக்குத்தான் முடிவெடுத்தோம். முடிவு என்றால், சொந்த வண்டி வாங்கலாமா என்று யோசிப்பதாக முடிவு.

அவளுக்கு வேண்டியது நேரத்துக்கு வரும் வண்டி. எனக்கு வேண்டியது டீசல் பிக்கப். இரண்டும் ஒன்றுதான் என்று அவளிடம் சொல்லிவைத்தேன்.

டீசல் மேல் எனக்கு ஏன் இத்தனை ஆசை என்று கேட்டால், தாராவியில் வளர்ந்தவனிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. 90 அடி ரோட்டில் மேட்டடார் வேன் காலையில் உறுமிக் கிளம்பும் சத்தத்தில்தான் எங்கள் தெருவுக்கே விடியும். போதாததற்கு டீசல் இஞ்சினின் குணமே தனி. அதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்து அழுத்தென்று அழுத்துவார்கள்; சூடேறி நிற்கும் அந்தக் காற்றில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். எங்கள் பெரியப்பா அப்படித்தான், யாரும் கொளுத்திப் போட வேண்டாம், கொஞ்சம் அழுத்தினால் போதும். ருடால்ஃப் டீசல் இந்த இஞ்சினை 1897-இல் ஓட்டிக் காட்டினார். 1900 பாரிஸ் கண்காட்சியில் இப்படி ஓர் இஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது. இதை ஒரு பெருமையோடு மனைவியிடம் சொன்னேன். "கடலை எண்ணெய் விக்கிற விலைக்கு டீசலே தேவலங்க" என்று சொல்லிவிட்டு உளுந்து களையப் போய்விட்டாள். டீசலுக்குச் சாதகமாக அவள் சொன்ன ஒரே சொல் அதுதான்.

அடுத்து பொலேரோ பிக்கப்பின் விவரத் தாளைக் கொண்டுவந்து மேசையில் விரித்தேன். 2,523 சி.சி. இஞ்சின், 1.7 டன் லோடு. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள்.

"நம்ம மாவு மொத்தம் எவ்வளவுங்க இருக்கும்?"

"வாளியோட சேத்து ஒரு 300 கிலோ."

"அப்ப மீதி 1,400 கிலோ?"

"வியாபாரம் வளரும்லா."

"வியாபாரம் வளருதோ இல்லியோ, சொந்தக்காரங்க வளந்துருவாங்க."

நியாயமாகப் பார்த்தால் அந்த 1,400 கிலோவுக்கு ஏற்கனவே முன்பதிவு நடந்துகொண்டுதான் இருந்தது. தேக்குக் கட்டில் வெறும் தொடக்கம். மச்சானிடம் ஒரு தொழில் திட்டமே இருந்தது. "தாராவிய இடிக்கப் போறாவ அத்தான். அம்புட்டுப் பேரும் வீடு மாத்தணும். வண்டி வச்சிருக்கவன்தான் ராசா." தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தை மகாராஷ்டிர அரசு அறிவித்தது 2004-இல். அப்போது மச்சானுக்குக் கல்யாணமே ஆகவில்லை. இன்று அவன் மகன் காலேஜ் போகிறான். ராஜா இன்னும் வண்டிக்காகக் காத்திருக்கிறார். பொங்கலுக்கு 90 அடி ரோட்டில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் வைப்பார்களே, அதற்குக் கும்பர்வாடாப் பானையும் கரும்புக் கட்டும் ஏற்றும் பொறுப்பைச் சித்தப்பா எனக்கு ஒதுக்கிவிட்டார். சென்னையிலிருந்து தங்கை பேசினாள். "அண்ணே, நவி மும்பை ஏர்போர்ட்தான் 2025 டிசம்பர்லருந்து ஓடுதே, ஒங்க வீட்டுப் பக்கம்தான? நாங்க குடும்பத்தோட வாரோம். பின்னாடி தொட்டியில உக்காந்துக்கிடுதோம், புள்ளைங்களுக்கும் ஜாலியா இருக்கும்." சரக்கு வண்டியின் தொட்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம் என்றேன். "அப்ப பெட்டிய மட்டும் அதுல ஏத்திட்டு எங்களுக்கு டாக்ஸி சொல்லிரு" என்றாள். மறுக்கவே முடியாத நியாயம்.

இவர்களையாவது சமாளிக்கலாம். ஆலோசனை சொல்பவர்களைச் சமாளிக்க முடியாது.

செம்பூர் நண்பர் டீசல் என்ற சொல்லைக் கேட்டதும் மூக்கைப் பொத்தினார். டெல்லியில் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளைப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் தடுத்தது, உச்ச நீதிமன்றம் 2018-இல் அதை உறுதி செய்தது; மும்பையிலும் பெட்ரோல், டீசல் வண்டிகளைப் படிப்படியாக நிறுத்த முடியுமா என்று பார்க்கச் சொல்லி 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சொல்ல, அரசு குழுவும் போட்டாயிற்று. "இன்னிக்கு டெல்லி, நாளைக்கு நம்ம நவி மும்பை எம்.எச். 43" என்றார். அவர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் மாகுலில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்தில், டீசல் பிறக்கும் ஊரிலேயே அரை ஆயுளைக் கழித்தவர் அவர். என் ஒற்றை வண்டிப் புகைதான் அவருக்கு இருமல் தரும் என்கிறார்.

மாட்டுங்கா மாமாவுக்குப் புகை கவலையில்லை, புகையை வடிகட்டுவதுதான் கவலை. "பி.எஸ். 6 டீசல்னா ஓடிண்டே இருக்கணும்டா. நீ நெருள்லேந்து வாஷிக்கும் வாஷிலேந்து நெருளுக்கும் போயிண்டிருந்தா ஃபில்டர் அடைச்சுக்கும்" என்றார். விஷயம் உண்மைதான். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்த பிறகு டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்க ஒரு வடிகட்டி உண்டு. சேர்ந்த கரியை எரித்துத் தீர்க்க அது நன்றாகச் சூடாக வேண்டும். அதற்கு வண்டி கொஞ்ச தூரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் வண்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆக, மாவு வண்டியை அவ்வப்போது புணே எக்ஸ்பிரஸ்வேயில் லோணாவாலா வரை காற்று வாங்கக் கூட்டிப் போக வேண்டும். நாங்கள் லோணாவாலா போய் எத்தனையோ வருஷமாகிறது என்று மனைவி நினைவூட்டினாள். வண்டிக்கு மட்டும் ஹனிமூனா என்ற அர்த்தம் அதில் இருந்தது.

அப்படியானால் சி.என்.ஜி. வாங்கு என்றார்கள். 2025 நவம்பரில் ட்ராம்பே பக்கம் கேஸ் குழாயில் சேதம் ஏற்பட்டு, ஆட்டோவும் டாக்ஸியும் பங்க் வாசலில் வரிசை கட்டி நின்றதை நான் ஆதாரமாகக் காட்டினேன். அன்றைக்கு ஊரே கேஸுக்கு நின்றபோது டீசல் வண்டிகள் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போயின. என் கட்சிக்குக் கிடைத்த ஒரே நல்ல நாள்.

சட்டமும் என் பக்கம்தான் இருந்தது. சாதாரண கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரை எடையுள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. ஐந்து நீதிபதிகள் கூடி உட்கார்ந்து நான் பிக்கப் ஓட்டலாம் என்று சொன்ன பிறகும், மனைவி "ரிவர்ஸ் எடுப்பீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்த கோர்ட்டுக்கு மேல் கோர்ட் கிடையாது.

மிச்சமிருந்த சட்டங்கள் அவள் பக்கம் போயின. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம். நான் ஆசைப்பட்ட பெரிய பிக்கப் கோட்டுக்கு அந்தப் பக்கம். மஞ்சள் போர்டு. முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை தகுதிச் சோதனை என்னும் பாஸிங், பிறகு வருஷா வருஷம். பின்பக்கம் 'ஹார்ன் ஓகே ப்ளீஸ்' எழுதலாம் என்றால், அதையும் மகாராஷ்டிரத்தில் 2015-லேயே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த இடத்தில் திருச்செந்தூர் முருகன் துணையா, சேடா நகர் முருகன் துணையா என்று தாராவியும் செம்பூரும் தனியாக ஒரு தகராறு நடத்தின. வண்டி இன்னும் தொழிற்சாலையில் இருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் சொஸைட்டி. செக்ரட்டரி காம்பவுண்டில் நடை பழகிக்கொண்டே, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "எல்லோ போர்டு அந்தர் நை சலேகா." மஞ்சள் போர்டு உள்ளே கூடாதாம். நெருளில் நிறுத்த இடம் என்பது நகரத்தைத் திட்டமிட்ட சிட்கோவின் வரைபடத்தில் உண்டு, தரையில் தேடினால் கிடைக்காது. டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியத்தில் ஏதாவது நடந்தால் அந்தத் தரையும் போச்சு. 2025 ஜனவரியில் கோல்ட்ப்ளே பாட வந்தபோது, பால் பாக்கெட் வாங்கக் கீழே இறங்கிய நான் என் ஸ்கூட்டரைக் கண்டுபிடிக்க ராத்திரியாகிவிட்டது. இந்த ஊரில் ஆண்டுதோறும் சௌகரியமாக வந்து இறங்கி இடம் பிடிப்பவை ஏரிக்கு வரும் பூநாரைகள் மட்டும்தான். அவற்றின் இடத்துக்கும் பறவை ஆர்வலர்கள் மனுப் போட்டுப் போட்டுத்தான் காவல் காக்க வேண்டியிருந்தது. அவையாவது மஞ்சள் போர்டு இல்லை.

இத்தனைக்கும் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே-பேலாபூர் ரோட்டில் ஒரு ஷோரூமுக்கு அவளை அழைத்துப் போனேன். நேரில் பார்த்தால் மனம் மாறும் என்று ஒரு நம்பிக்கை. வெள்ளை பிக்கப் கழுவித் துடைத்து நின்றது. விற்பனைப் பையன் சுறுசுறுப்பானவன். இழுவை, மைலேஜ், வாரண்டி, இ.எம்.ஐ. என்று ஒரே மூச்சில் பொழிந்தான். நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். அவள் எதையும் கேட்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்தாள், பின் கதவைத் திறக்கச் சொன்னாள், தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள், சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஓரத்தில் முழம் போட்டு அளந்தாள்.

"தம்பி, இதுல பீரோ படுக்குமா?"

நான் இந்தியில் சொன்னேன். பையன் முகம் மலர்ந்தது. கோத்ரெஜ் பீரோ, டபுள் டோர், இரண்டுகூடப் படுக்கும், மேலே ஒரு வாஷிங் மெஷினும் நிற்கும் என்றான். கட்டில், சோபா, ஃபிரிட்ஜ் எல்லாம் கணக்கே இல்லை என்றான். ஒரு முழு வீடே போகும் மேடம் என்றான்.

"வேண்டாம்னு சொல்லுங்க" என்று நடந்துவிட்டாள்.

பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் எங்களை விடுவதாக இல்லை. குட்டி யானை ரகத்தில் சின்னதாக ஒன்றைக் காட்டினான். படுக்காது, ஆனால் நிற்க வைத்துக் கயிறு கட்டினால் தாராளமாகப் போகும் என்றான். அதற்கும் தலையை ஆட்டிவிட்டு, ரோட்டைத் தாண்டி எதிர்க் கடைக்குப் போனாள். அங்கே வாசலில் மூன்று சக்கர பேட்டரி வண்டி ஒன்று, பின்னால் நான்கு பக்கமும் அடைத்த பெட்டியோடு நின்றது. நான் வெயிலில் நின்றுகொண்டு டீசலுக்காகக் கடைசியாக ஒரு வார்த்தை சொல்லலாமா என்று யோசித்தேன்.

"300 கிலோ தாங்குமா?"

தாங்கும் என்றார் கடைக்காரர்.

"பீரோ?"

அவர் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தயங்கினார். படுக்காது, நிற்கவும் நிற்காது, தப்பாக நினைக்கக் கூடாது என்றார்.

அவள் கைப்பையைத் திறந்து ஆதார் கார்டை எடுத்து மேசையில் வைத்தாள். "டெலிவரி எப்பன்னு கேளுங்க."