காலிக் கட்டிலுக்கு நல்வரவு

சொகுசுக் கப்பல் கம்பெனிகளுக்கு விருந்தோம்பல் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வந்த விருந்தாளியைக் கவனிப்பது பெரிய காரியமா? எல்லாரும் செய்வதுதான். வராத விருந்தாளிக்கும் மெத்தை விரித்து, தலையணை வைத்து, அதற்கான காசை வந்தவரிடமே வாங்கிவிடும் பெருந்தன்மை கப்பல்காரர்களுக்குத்தான் உண்டு.

ஒரு பயணத்தைப் பதிவு செய்து பாருங்கள், புரியும். விளம்பரத்தில் நீலக் கடல், வெள்ளைக் கப்பல், மேல்தளத்தில் கையில் கோப்பையோடு ஒரு ஜோடி. கீழே, பேச்சுக்கு 1,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ‘தலைக்கு 1,000’ என்று கொட்டை எழுத்து. அதற்கும் கீழே, பூதக்கண்ணாடி இருந்தால் தெரியும் அளவில், ஓர் அறையில் இருவர் தங்கினால்தான் இந்த விலை என்று ஒரு வரி. பயணிகள் எத்தனை பேர் என்ற கட்டத்தில் நாம் தொடுவதற்கு முன்பே 2 வந்து உட்கார்ந்திருக்கும். அதை 1 ஆக்குங்கள். தலைக்கு 1,000 என்றிருந்தது 2,000 ஆகிவிடும். மொத்தத்தில் குறைவது துறைமுகக் கட்டணமும் டிப்ஸும்தான். ஒரு தலை குறைந்தது. மிச்சமிருக்கும் தலைக்கு விலை ஏறிவிட்டது.

சென்னையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில். பென்ஷன் பணத்தில் சேர்த்து வைத்ததைக் கொண்டு சிங்கப்பூர் போய், அங்கிருந்து கப்பலேறி பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு வரலாம் என்று ஆசை. டிராவல் ஏஜென்சிக்குப் போகிறார்.

“எத்தனை பேரும்மா?”

“நான் மட்டும்தான் தம்பி.”

“கூட யாரும் வரலையா?”

“யாருமில்லப்பா. அவரு போயி ரெண்டு வருஷமாச்சு.”

“அய்யோ, சாரிம்மா.” பையன் நிஜமாகவே வருத்தப்படுகிறான். கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் தட்டிவிட்டு, தலையைத் தூக்காமலே சொல்கிறான்: “ஆனா ரெண்டு பேர் சார்ஜ் வரும்மா.”

பையன்மேல் தப்பில்லை. திரையில் வருவதைத்தான் அவன் சொல்ல முடியும். அந்த அம்மாள் இறப்புச் சான்றிதழ் வாங்கி, ரேஷன் கார்டில் பேர் எடுத்து, பேங்கில் நாமினிக்கு மாற்றி, அலையாத ஆபீஸ் இல்லை. எல்லா ஆபீசும் ஒருவழியாகக் கணவர் இறந்ததை ஒப்புக்கொண்டுவிட்டன. கப்பல் கம்பெனி மட்டும் ஒப்புக்கொள்ள மறுக்கிறது. அதன் கணக்கில் அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், டிக்கெட் வாங்கும் அளவுக்கு மட்டும். கப்பலேறிச் சாப்பாட்டு மணி அடித்ததும் மறுபடி இறந்துவிடுவார்.

இந்த மாயம் எப்படி நடக்கிறது? 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் கிளம்பிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ என்ற ராட்சசக் கப்பலில் 2,805 அறைகள். இரண்டால் பெருக்கினால் 5,610. அத்தனை பேர் ஏறினால் கப்பல் நூறு சதவீதம் நிறைந்தது என்பது இந்தத் தொழிலின் வாய்ப்பாடு. மூன்றாவது ஆளாக, நான்காவது ஆளாகப் பிள்ளைகளை அதே அறையில் ஏற்றினால் 7,600 பேர் வரை கொள்ளும். அதனால்தான் பெரிய கம்பெனிகள் எங்கள் கப்பல்கள் நூறு சதவீதத்துக்கும் மேலே நிரம்பி ஓடுகின்றன என்று பங்குதாரர்களுக்குக் கூச்சமில்லாமல் அறிக்கை அனுப்புகின்றன. கணக்கு வாத்தியார் பார்த்தால் பிரம்பை எடுப்பார். பங்குச் சந்தை கைதட்டுகிறது. நூறுக்கு மேலும் நிரப்பலாம் என்று ருசி கண்டவர்கள் கண்ணில், ஓர் அறையில் ஒற்றை ஆளாக வந்து படுப்பவர் பயணியாகவா தெரிவார்? ஐம்பது சதவீத ஓட்டையாகத் தெரிவார்.

கம்பெனி தரப்பு நியாயத்தையும் கேட்டுவிடுவோம். நாங்கள் விற்பது அறையை, ஆளை வைத்து அறை சின்னதாகாது என்பார்கள். டிக்கெட் காசு மட்டும் எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பார்கள். அதுவும் உண்மைதான். பெரிய கம்பெனிகளின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஆள் கப்பலேறிய பிறகு வருவது: மதுக்கூடம், கசினோ, மசாஜ், கரையிறங்கி ஊர் சுற்றிக் காட்டும் டூர். இரண்டு பேர் வந்தால் இரண்டு பர்ஸ். ஒருவர் வந்தால் ஒரு பர்ஸ். ஆக, வராத மனிதர் குடிக்காமல் விட்ட விஸ்கிக்கும், சூதாட்ட மேஜையில் தோற்காமல் விட்ட காசுக்கும், பிடித்துவிடப்படாத அவருடைய முதுகுக்கும் வந்தவரே நஷ்டஈடு கட்ட வேண்டும். நம்முடைய ஆசிரியை பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் குடிக்காதவர் என்பது வேறு விஷயம்.

சரி, நஷ்டக் கணக்கைக் காட்டினீர்கள். மிச்சக் கணக்கு எங்கே? கப்பல் கட்டணத்தில் மூன்று வேளைச் சாப்பாடு உண்டு, ராத்திரி நாடகமும் பாட்டும் உண்டு. வராத ஆள் பஃபேயில் தட்டேந்தவில்லை. துண்டு நனைக்கவில்லை. போர்வை கசக்கவில்லை. ஒரு வாளித் தண்ணீர் செலவழிக்கவில்லை. இதில் ஒரு டாலரையாவது கழித்தீர்களா? மெஸ்ஸில் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தவரிடம், எதிரே ஆளில்லாத இலைக்கும் சேர்த்துக் காசு கேட்டால் கல்லாவில் இருப்பவர் சட்டை கிழிந்துவிடும். கடல் நடுவில் அதையே கேட்டால் அது தொழில் வழக்கம்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இல்லாத ஆளுக்குக் கட்டணம் வாங்கும் கம்பெனி, இல்லாத ஆளுக்கு டிப்ஸ் வாங்குவதில்லை. அது ஒருவருக்கு மட்டும்தான். அடடா, என்ன நேர்மை! கட்டணம் கம்பெனிக்குப் போவது, டிப்ஸ் அறையைப் பெருக்கித் துடைக்கும் பணியாளருக்குப் போவது என்பதை நினைத்துக்கொண்டால் இந்த நேர்மை எங்கிருந்து வருகிறது என்று புரியும். வருஷத்தில் பாதிக்கு மேல் குடும்பத்தைப் பிரிந்து, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே உள்ள தளங்களில், சன்னலில்லாத அறையில், மேலும் கீழுமாக அடுக்கிய படுக்கையில் இன்னொருவரோடு முடங்கிப் படுப்பவர் அவர். பிலிப்பைன்ஸ்காரர், இந்தோனேஷியாக்காரர், நம் நாட்டுக்காரர். மேல்தளத்தில் காலியாகக் கிடக்கும் மெத்தைக்கு முழுக் கட்டணம். அந்த மெத்தைக்கு உறை போடுகிறவருக்குக் கால் நீட்ட இடமில்லை.

கப்பல் என்றாலே தனியாள்களின் சொர்க்கம் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதே தொழில்தான். 1977-ல் தொடங்கி ஒன்பது வருஷம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘தி லவ் போட்’ என்ற தொடர் ஓடியது. பிரின்சஸ் கம்பெனியின் கப்பல்தான் கதைக் களம். வாரா வாரம் ஒண்டியாக ஏறியவர்கள் ஜோடியாக இறங்கினார்கள். அந்தத் தொடர் கொடுத்த விளம்பரத்தில் ஒரு தொழிலே கொழுத்தது. ஏறும்போது அவர்களுக்கு எவ்வளவு கட்டணம் போட்டார்கள் என்பதை மட்டும் எந்த அத்தியாயத்திலும் காட்டவில்லை. காட்டியிருந்தால் காதலின் அவசரம் இன்னும் தெளிவாகப் புரிந்திருக்கும்.

தனியாக வரும் பெண்மணிகளுக்காகக் கம்பெனிகள் எதுவுமே செய்யவில்லை என்றும் சொல்லக் கூடாது. குனார்ட் போன்ற பழைய கம்பெனிகள் நடனத் துணைவர்களை வைத்திருக்கின்றன. கோட்டுப் போட்ட, நரைத்த, கண்ணியமான ஆண்கள். தனியாக உட்கார்ந்திருக்கும் அம்மணிகளோடு முறைவைத்து ஆட வேண்டும், ஒருவரோடு மட்டும் அதிகம் ஆடக் கூடாது, காதல் கீதல் என்று போகவே கூடாது. கணவரை இழந்தவரிடம் இரண்டாள் காசு வாங்கிக்கொண்டு, மூன்று நிமிஷத்துக்கு ஒரு கணவரை வாடகைக்குத் தருகிறார்கள். கட்டணத்தைக் குறைப்பதைவிட இது மலிவு போலிருக்கிறது.

அட்லான்டிக்கைக் கடக்கும் பழைய கப்பல்களில் ஒற்றைக் கட்டில் அறைகள் சகஜம். வேலைக்கும் வியாபாரத்துக்கும் போனவர்கள் ஜோடி தேடிக்கொண்டா போனார்கள்? பயணம் போய் உல்லாசம் வந்ததும் அறைக்கு இரண்டு பேர் என்பது சட்டமாகிவிட்டது. அதே குனார்டின் ‘குயின் மேரி 2’ 2004-ல் ஓடத் தொடங்கியது. முதல் நாளிலிருந்தே அதில் நாய்களுக்குத் தனித்தனிக் கூடுகள் இருந்தன, கவனிக்க ஆள் இருந்தது. தனியாக வரும் மனிதர்களுக்கான அறை? பன்னிரண்டு வருஷம் கழித்து, 2016-ல் கப்பலைப் புதுப்பித்தபோது வந்தது. மொத்தம் 15. ஏறக்குறைய 2,700 பேர் போகும் கப்பலில் 15. அந்தப் புதுப்பிப்பில் நாய்க்கூடுகளையும் மறக்காமல் கூட்டினார்கள். நாய்மேல் எனக்குக் கோபமில்லை. அது ஒண்டியாக வந்தாலும் ஒரு நாயாகவே எண்ணப்படுகிறது. அந்த மரியாதையைத்தான் நாமும் கேட்கிறோம்.

2010-ல் நார்வீஜியன் கம்பெனியின் ‘நார்வீஜியன் எபிக்’ கப்பல் வந்தபோது புரட்சி என்றார்கள். தனியாகப் போகிறவர்களுக்கென்றே 128 ஸ்டூடியோ அறைகள். ஒவ்வொன்றும் 100 சதுர அடி, அதாவது பத்துக்குப் பத்து. கடலைப் பார்க்க வந்தவருக்குச் சன்னல் வேண்டாமா? உண்டு, நடைபாதையைப் பார்த்து. அவர்களுக்கென்று தனி ஓய்வறை ஒன்றும் வைத்தார்கள், ஸ்டூடியோ வாசிகளின் சாவி போட்டால்தான் திறக்கும். நல்ல ஏற்பாடுதான், ஜனங்களும் போட்டி போட்டு வாங்கினார்கள். அப்புறம் நடந்ததுதான் வழக்கமான கதை. கேட்பவர் பெருகியதும் விலை ஏறியது. சில பயணங்களில் அந்தப் பத்துக்குப் பத்தைவிட இருவர் அறையை இரட்டைக் கட்டணத்துக்கு எடுப்பதே லாபம் என்ற நிலை வந்தது.

செய்ய முடியாது என்பது பொய். ஐம்பது வயது தாண்டியவர்களுக்காகக் கப்பல் விடும் பிரிட்டனின் சாகா கம்பெனி, 2019-ல் ‘ஸ்பிரிட் ஆஃப் டிஸ்கவரி’யைக் கட்டியது. 554 அறைகளில் 109 தனியாள் அறைகள். ஐந்தில் ஒன்று! அத்தனையிலும் பால்கனி. கட்டிய கப்பல் மூழ்கவில்லை. 2021-ல் அதேபோல இன்னொன்றும் ஓடத் தொடங்கியது. ஐம்பதைத் தாண்டியவர்களில் எத்தனை பேர் துணையை இழந்தவர்கள் என்று யோசித்தார்கள், கட்டினார்கள். மற்றவர்களுக்கும் இந்த யோசனை வராமலில்லை. இருவர் அறை இரண்டு பேர் வந்தாலும் இரண்டு காசு, ஒருவர் வந்தாலும் இரண்டு காசு என்றிருக்கும்போது எதற்குக் கஷ்டப்பட்டு யோசிக்க வேண்டும்? கருணை பிறக்கும் காலமும் உண்டு. சில பயணங்களில் ஒன்றேகால், ஒன்றரை மடங்கோடு விட்டுவிடுவார்கள், அபூர்வமாக அபராதமே இல்லாமலும் ஏற்றுவார்கள். பெரும்பாலும் அறை விற்காமல் கிடக்கும்போதுதான் அந்தக் கருணை சுரக்கும்.

இரட்டைக் கட்டணம் கட்டிய புண்ணியவான்களுக்கு ராயல் கரீபியன் கம்பெனியில் ஒரு பிரசாதம் தருகிறார்கள்: ராத்திரிக்கு ஒரு பாயிண்ட் கூடுதல். நிறையச் சேர்த்தால் சலுகைகள் கிடைக்கும். பாயிண்ட் சேர்க்க மறுபடி போக வேண்டும், மறுபடியும் இரட்டைக் கட்டணம் கட்ட வேண்டும்.

இந்த அபராதத்தை விதிக்கிற கனவான்களின் முகவரியையும் பார்த்துவிடலாம். கார்னிவல் கம்பெனி பல வருஷமாகப் பதிவாகியிருந்தது பனாமாவில். ராயல் கரீபியன் லைபீரியாவில். நார்வீஜியனின் தாய்க் கம்பெனி பெர்முடாவில். மூவருக்கும் ஆபீஸ் மயாமியில், பயணிகளில் பாதிக்கு மேல் அமெரிக்கர்கள். ஆனாலும் அமெரிக்க வருமானவரிச் சட்டத்தின் 883-ஆம் பிரிவைக் காட்டிக் கப்பல் வருமானத்தில் பெரும்பகுதிக்கு அங்கே வரி கட்டுவதில்லை. அரசாங்கத்திடம் தம்மை ஆளே இல்லை என்று காட்டிக்கொள்ளத் தெரிந்தவர்கள், ஆளே இல்லாத கட்டிலில் ஆள் இருப்பதாகச் சாதிக்கிறார்கள்.

இந்த நோய் விமானங்களுக்கும் தொற்றத் தொடங்கியது. 2025 மே மாதம் அமெரிக்காவில் சில உள்நாட்டு விமானங்களில், தனியாகப் பதிவு செய்பவருக்கு இருவராகப் பதிவு செய்பவர்களைவிடத் தலைக்கு அதிகக் கட்டணம் காட்டுவது வெளியே வந்தது. விமானத்தில் கட்டில்கூட இல்லை, ஓர் ஆளுக்கு ஒரு நாற்காலிதான்! செய்தி பரவிச் சத்தம் கிளம்பியதும் டெல்டா, யுனைடெட் ஆகிய விமானக் கம்பெனிகள் பின்வாங்கிவிட்டதாகத் தெரிந்தது. சத்தம் போட்டால் கேட்கிறது என்பதற்கு இது அத்தாட்சி. கப்பல் பயணிகள் இத்தனை வருஷம் சத்தம் போடாததற்குக் காரணம், தனியாக இருப்பது தங்கள் குற்றம் என்று அவர்களையே நம்ப வைத்துவிட்டதுதான்.

நமக்கு இது புதிதா? தனியாக வந்து அறை கேட்கும் பெண்ணை நம்மூர் லாட்ஜ்காரர் ஏற இறங்கப் பார்த்து, “ரூம் இல்லம்மா” என்று அனுப்பிவிடுவார். அவர் செய்வது அசிங்கம், ஆனால் அதற்கு ரசீது போடுவதில்லை. கப்பல்காரர் சிரித்துக்கொண்டே கைகுலுக்கி, கழுத்தில் அட்டை மாட்டி, உங்களைப்போலத் துணிச்சலாகத் தனியே பயணம் செய்பவர்களை எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு ரசீதை நீட்டுகிறார். அதில் துக்கத்துக்கு வரி, மணமாகாததற்கு வரி, விவாகரத்துக்கு வரி, தனியாக இருக்கப் பிடித்ததற்கும் வரி.

ஆகவே, கேளுங்கள். ஏஜென்சிப் பையனிடம் கேளுங்கள், கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள்: தனியாள் அறை எத்தனை, இரண்டாவது கட்டணம் எதற்கு, அதில் எனக்கு வருவது என்ன? இரண்டு பேர் காசு கட்டிவிட்டீர்கள் என்றால் இரண்டு பேருக்கு உரியதைக் கேட்டு வாங்குங்கள். சாப்பாட்டு மேஜையில் இரண்டு நாற்காலி, இரண்டு கேக், கரையிறங்கும் டூரில் இரண்டு சீட்டு. தரமாட்டோம் என்றால் பணத்தை மடியில் முடிந்துகொண்டு எழுந்து வாருங்கள். கட்டிலுக்குக் காசு கேட்பவர்கள் கட்டிலையே ஏற்றிக்கொண்டு போகட்டும். ராத்திரி கசினோவில் அது எவ்வளவு தோற்கிறது என்று பார்ப்போம்.