கப்பல் மாமா

நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கும் இடையே 60 கடல் மைல். கிலோமீட்டரில் 111. விரைவுக் கப்பலில் ஏறினால் ஏறக்குறைய நாலு மணி நேரம். நாகையிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போக இதைவிட அதிகம் ஆகும். இந்தக் கடலைக் கடக்கக் கப்பல் மாமா போட்ட திட்டத்தில் இதுவரை இரண்டு கணக்கு நோட்டு தீர்ந்திருக்கிறது.

டெல்டாவில் ஊருக்கு ஒரு கப்பல் மாமா உண்டு. கூட்டுறவு வங்கியிலோ பொதுப்பணித் துறையிலோ கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் இரண்டு பேனா, ஒன்று சிவப்பு. 2023 அக்டோபர் 14 அன்று பிரதமர் காணொலியில் தொடங்கிவைக்க, ‘செரியாபாணி’ கப்பல் நாகையிலிருந்து கிளம்பியது. அதுவரை வீட்டில் கரண்ட் பில் கட்டுகிறவராக மட்டும் இருந்த மாமா, அன்றிலிருந்து வெளிநாட்டு விவகாரங்களைக் கவனிக்கத் தொடங்கினார்.

“மாமா, யாழ்ப்பாணம் போகலாம்னு இருக்கோம்” என்று யாராவது தெரியாத்தனமாக வாயைத் திறந்தால் போதும். “உக்காருங்க மாப்ள” என்று நாற்காலியை இழுத்துப் போடுவார். பதில் 1914-இல் ஆரம்பமாகும். பாம்பன் பாலம் திறந்தது, எழும்பூரில் போட் மெயில் ஏறித் தனுஷ்கோடியில் கப்பல் மாறித் தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு போனது, 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது, அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து ‘ராமானுஜம்’ கப்பல் ஓடியது, 1980களில் அதுவும் நின்றது. வந்தவருக்கு வேண்டியதெல்லாம் டிக்கெட் விலை. அது வந்து சேர இரண்டு காபி ஆகும்.

ஆனால் விலை வரும்போது துல்லியமாக வரும். அந்த முதல் கப்பலில் வரியோடு 7,670 ரூபாய்; முதல் நாளுக்கு மட்டும் தள்ளுபடி போக சுமார் 2,800.

“அன்னைக்கே போயிருக்கலாமே மாமா?”

“மொத நாளே ஏறுவாங்களா? கப்பல் எப்படி ஓடுதுன்னு பாக்க வேணாம்?”

பார்த்தார். 150 பேர் ஏறக்கூடிய கப்பலில் முதல் நாள் 50 பேர். மறுநாளே ஆள் சேராமல் பயணம் ரத்து. பிறகு வாரத்துக்கு மூன்று நாள் என்றார்கள். அக்டோபர் 20-ஆம் தேதியோடு, பருவமழை வருகிறது என்று நிறுத்தியே விட்டார்கள். மாமா குறித்துவைத்திருந்ததோ தீபாவளிக்கு முந்தின வாரம். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஏமாந்தார்கள். மனிதர் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார். “ஐப்பசியில வாடை அடிக்கும்னு அக்கரைப்பேட்டையில சின்னப் புள்ளையக் கேட்டாலும் சொல்லுமே!” கப்பல் ஓடாத மாதங்களில்தான் அவருக்கு ஊரில் செல்வாக்கு.

அடுத்த கப்பல் ‘சிவகங்கை’. 2024 மே மாதம் விடுவதாகச் சொல்லி, தள்ளிப்போட்டு, ஆகஸ்ட் 16-இல் விட்டார்கள். சாதாரண வகுப்பு சுமார் 5,000, மேல் வகுப்பு சுமார் 7,500. தள்ளிப்போட்ட அந்த மூன்று மாதத்தை மாமா வீணாக்கவில்லை. பெட்டி எடை வரம்பைத் தாண்டிவிடக் கூடாதே என்று, அதைத் தூக்கிக்கொண்டு மளிகைக்கடை எடை மெஷினில் ஏறி, மொத்தத்திலிருந்து தன் எடையைக் கழித்துச் சிவப்புப் பேனாவால் எழுதிக்கொண்டார். சாப்பாட்டுக்குப் பிறகு போய் நிறுத்தால் பெட்டி முக்கால் கிலோ கூடியிருந்தது. மறுநாளிலிருந்து வெறும் வயிற்றில் மட்டும் நிறுத்தார்.

கடல் குமட்டலுக்கு அவோமின் மாத்திரை. மாத்திரை கேட்கிறதா என்று தெரியாமல் கப்பலேற முடியுமா? ஒன்றை விழுங்கிவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து, பேரனை வேகமாக ஆட்டச் சொன்னார். குமட்டவில்லை. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் எழுப்ப முடிந்தது.

இருக்கை விஷயம் மட்டும் ஒரு வாரம் ஓடியது. காங்கேசன்துறை நாகைக்கு ஏறக்குறைய நேர் தெற்கு. காலையில் போகும்போது வெயில் இடது பக்கம் விழும். மத்தியானத்துக்கு மேல் வடக்கே திரும்பி வரும்போதும் வெயில் இடது பக்கமே. ஆகவே போக வர இரண்டுக்கும் வலது பக்க ஜன்னல். இதைப் படம் போட்டு, சூரியனுக்குக் கண் மூக்கெல்லாம் வைத்து, அத்தையைக் கூப்பிட்டார்.

அத்தை வீட்டில் இல்லை. பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போயிருந்தார். அக்காள் மகன் போனிலேயே இலங்கைக்கான ஈ.டி.ஏ. அனுமதிக்கு விண்ணப்பித்து, இரண்டு பேருக்கும் டிக்கெட்டும் போட்டுவிட்டான். யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழா 25 நாள். முடிவதற்குள் போய்விட வேண்டும் என்று அக்காளுக்கு அவசரம்.

அக்கரை சேர்ந்ததும் அத்தை போன் பண்ணினார். மாமா கேட்ட முதல் கேள்வி: “எந்தப் பக்கம் உக்காந்த?”

“தூங்கிட்டேங்க. யாரு பாத்தா?”

திரும்பி வரும்போது பனங்கட்டியும் நெல்லி ரசமும் கொண்டுவந்தார். மாமா இரண்டையும் நிறுத்துப் பார்த்தார். “இன்னும் எவ்வளவோ கொண்டாந்திருக்கலாம்” என்பது அவர் கருத்து. அவருக்கும் போக ஆசைதான். நவம்பர் பிறக்கட்டும், கூட்டம் குறையட்டும் என்று இருந்தார். நவம்பரில் மறுபடி நிறுத்திவிட்டார்கள். 2025 பிப்ரவரி 22-இல் கப்பல் திரும்ப ஓடத் தொடங்கிய அன்று, மாமா மூன்றாவது நோட்டு வாங்கினார்.

யாழ்ப்பாணம் போக நினைப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியைத் தவிர்த்து நாள் பாருங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கட்டும். கிளம்புவதற்கு முதல் நாள் கப்பல் உண்டா என்று ஒரு தரம் கேட்டுக்கொள்ளுங்கள். வலது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். அந்தக் கணக்கில் மாமா சொன்னது சரி.