கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்

ஆர்.சி. புத்தகத்தில் உரிமையாளர் நான். ஜமுனாமரத்தூரில் அதற்கு மேல் என் மொபெட்மீது எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. சாமை மூட்டை அரவைக்குப் போக வேண்டுமா, விருந்தாளிக்குப் பீமன் நீர்வீழ்ச்சியைக் காட்ட வேண்டுமா, என் வண்டிதான். சாவி ஜன்னலோர ஆணியில் தொங்கும். பெட்ரோல் என் பொறுப்பு.

காவலூர் தொலைநோக்கியைப் பார்க்க மச்சான் நண்பனையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய அன்று எனக்கு ரோஷம் வந்தது. சட்டத்தைப் புரட்டினேன்.

திருப்பிக் கொடுத்துவிட்டால் திருட்டில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1952 மே மாதம் ஜோத்பூரில் விமானப்படைப் பயிற்சி மாணவர்கள் இருவர் அனுமதியில்லாமல் ஒரு ஹார்வர்ட் விமானத்தைக் கிளப்பிக்கொண்டு போய்ப் பாகிஸ்தானில் இறங்கினார்கள். வழி தவறிவிட்டதாம். கே.என். மெஹ்ரா வழக்கில் 1957-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: கொஞ்ச நேரத்துக்கே எடுத்தாலும், நேர்மையற்ற எண்ணம் இருந்தால் திருட்டுதான். இன்றைக்கு அது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 303. 3 ஆண்டு வரை சிறை.

மச்சானிடம் நேர்மையற்ற எண்ணத்தைத் தேடினேன். எண்ணமே அகப்படவில்லை.

நல்லவேளை, மோட்டார் வாகனச் சட்டம் 1988 இருக்கிறது. பிரிவு 197: உரிமையாளர் சம்மதமின்றி வண்டியை ஓட்டிப் போனால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். எண்ணத்தை நிரூபிக்கும் வேலையில்லை. சொந்தக்காரர்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்த பிரிவு!

மச்சான் சாப்பிட உட்கார்ந்த நேரமாகப் பார்த்துக் கணீரென்று வாசித்தேன்.

"கீழே இன்னும் ஏதோ இருக்கே, அதையும் படிங்க" என்றாள் மனைவி.

படித்தேன். கேட்டிருந்தால் உரிமையாளர் சம்மதித்திருப்பார் என்று நியாயமாக நம்பி எடுத்தவரைத் தண்டிக்கக் கூடாதாம்.

"நீங்க இதுவரைக்கும் யாருக்காவது இல்லைன்னு சொல்லியிருக்கீங்களா?"

"மாமா அப்படிச் சொல்ற ஆளாக்கா?" என்றான் மச்சான், ரசத்தை ஊற்றிக்கொண்டே.

ஆக, என் நல்ல பெயர்தான் எதிரிக்கு ஜாமீன். வழக்கு நிற்க வேண்டுமானால் நான் கஞ்சன் என்று ஊரே சாட்சி சொல்ல வேண்டும். பழக ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் போளூர் போக வண்டி கேட்டார். முகத்தை இறுக்கிக்கொண்டு, "பெட்ரோல் இல்லைங்க" என்றேன்.

அவர் டேங்க்கைத் திறந்து பார்த்தார்.

"நிறைய இருக்கே சார்! உங்களுக்கே தெரியல பாருங்க" என்று என்னைத் தேற்றிவிட்டு, சாவிக்குக் கையை நீட்டினார். எடுத்துக் கொடுத்தேன்.